ஓல்டான்

படிவத்தில் ஏழாவது கட்டம்:
மோதும்போது விமானத்தின் வேகம்.
'நடை' என்று எழுதினேன்.
யாருடைய நடை என்று கேட்டார் சூப்பர்வைசர்.
வெயிலில் செருப்பறுந்தவன் நடை, சார்.
பேனாவைப் பிடுங்கி
மணிக்கு ஆறு கிலோமீட்டர் என்று திருத்தினார்.

பெருங்குடிப் பக்க வேலியில் நிழலே கிடையாது.
பதினொன்றரை மணி.
வெள்ளக்கல் குப்பைமேட்டுப் புகையும் பருந்தும்
ஒரே திசையிலிருந்து வந்துகொண்டிருந்தன.
பெட்ரோல் போட இறங்கிய குட்டி விமானம்,
சேலத்துப் பயிற்சிப் பள்ளியுடையது.
உள்ளே ஒரே ஆள். ஜோவிதா. பத்தொன்பது வயது.
தலைக்குப் பெரிதான ஹெட்போன்.
மஞ்சள் கோடு சரியாகத்தான் இருந்தது,
அதன் மேலேதான் மூக்குச் சக்கரமும் வந்தது.
கோடு சக்கரத்துக்கு வழி சொல்லும்.
இறக்கைக்குச் சொல்லாது.

அந்தப் பக்கம்
மேலூர் கிரானைட்காரர் கல்யாணத்துக்கு வந்திறங்கிய
இரட்டை என்ஜின், வெள்ளை, புதுசு,
வாலைக் கொஞ்சம் வெளியே விட்டு நின்றது
பந்தியில் காலை நீட்டி உட்கார்ந்தவர் மாதிரி.

இந்த வேலைக்கு முன்னால்
ஒன்பது வருஷம் நான் லாரி கிளீனர்.
கப்பலூர் கிடங்கு, கீழமாரட் வீதி வெங்காய மண்டி,
ரிவர்ஸில் வரும் பன்னிரண்டு சக்கரத்தைச்
சாக்கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே
உள்ளங்கையால் நுழைத்திருக்கிறேன்.
இரண்டு தட்டு, வா.
ஒரு தட்டு, நில்.
தகரத்துக்குக் கேட்டால் போதும்,
டிரைவருக்குக் கேட்ட மாதிரிதான்.

விமானத்தைத் தட்டக் கூடாது.
இரண்டு ஆரஞ்சுக் கட்டைகள் கொடுத்திருக்கிறார்கள்.
தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தால் நில்.
மூன்று நாள் வகுப்பு, ஒரு சான்றிதழ்,
அதில் மொக்கராசு என்பதை
மோக்கராசு என்று அடித்திருந்தார்கள்.

இடைவெளி ஒரு முழமானது.
ஓல்டான் என்றேன்.
ஓல்டான் ஓல்டான் ஓல்டே
என்ஜின் மிச்சத்தைத் தின்றுவிட்டது.
வலது கை கட்டையைக் கீழே போட்டது,
அங்கே இல்லாத லாரியைத் தட்டியது.

பெரிய சத்தமில்லை.
காலி பவுடர் டப்பாவை மிதித்தது போல ஒன்று.
இறக்கை முனையின் சிவப்பு விளக்கு உடைந்து
என் ஷூவரைக்கும் உருண்டு வந்தது.
காற்றாடி நின்ற பிறகுதான்
எல்லோருக்கும் காது வந்தது.

இறங்கியவள் இறக்கையைப் பார்க்கவில்லை.
என்னைத்தான் பார்த்தாள்.
"அண்ணே, வா வான்னுதானே கை காட்டுனீங்க?"
நாலாயிரம் அடியில் தனியாக வந்த பிள்ளை,
தரையில் நிற்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

பதினோராவது கட்டம்: கொடுத்த சைகை.
குறுக்காப் பிடிச்சேன்னு எழுது, என்றார் சூப்பர்வைசர்,
உனக்கும் நல்லது கம்பெனிக்கும் நல்லது.
அந்தப் பிள்ளைக்கு?
அதுக்கு இன்ஷூரன்ஸ் இருக்குப்பா.

உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஒரு தட்டா. இரண்டா.
லாரி என்றால் கை சிவந்திருக்கும்.
காற்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

'தட்டினேன்' என்று எழுதிக் கொடுத்தேன்.
அடித்துவிட்டு வேறு எழுதச் சொன்னார்.
அடித்தேன். அடித்த கோட்டுக்குக் கீழேயும்
படிக்க முடிகிறது.

தண்ணீர்க் குழாய்ப் பக்கம் குந்தி
யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்:
ஒண்ணுமில்லப்பா.
மேல இல்லப்பா, தரையிலதான்.
ஆமா.
தரையிலதான்.