நாற்பத்தொரு நான்

மங்காஃபில் எங்கள் கட்டடத்துக்கு
ஒன்பது மாடி, இரண்டு லிஃப்ட்.
இரண்டிலும் ஆளுயரக் கண்ணாடி.
கோல்டுவின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஏறுவார்,
நான் மாடி எண்களைப் பார்த்து.

மூன்று முறை மனந்திரும்பியிருக்கிறார்.
மூன்று முறையும் கையில் மைக் இருந்தது.

வெள்ளிக்கிழமை எங்கள் சபைக்கு
மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் ஹால் கிடைக்கும்.
எகிப்துக்காரர்கள் ஜெபித்துப் போன சூடு
நாற்காலியில் ஆறுமுன் உட்காருவோம்.
நாலரைக்கு பிலிப்பைன்ஸ் பிள்ளைகள்
கிட்டாரோடு வாசலில் நிற்பார்கள்.
அதற்குள் இவர்
பாவிகளில் தானே பெரிய பாவி என்று
சாட்சி சொல்லி முடிக்க வேண்டும்.
அதிலும் அவருக்கு
இரண்டாம் இடம் ஒத்துவராது.
ஜனங்கள் அழுவார்கள்.
கடைசி வரிசையில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு
நானும் அழுவேன், வேறு கணக்கில்.

என் அம்மா செத்த அன்று
டிக்கெட் விலையைத்தான் சொன்னார்.
அடக்கத்துக்கு வந்தவர்களிடமும் சொன்னார்:
"நூற்றெண்பது தினார், மறுபேச்சில்லாமல் போட்டேன்."
கெத்சியா முதல் மார்க் வாங்கினால்
அது அவருடைய மூளை.
குறைந்தால் என்னுடைய வளர்ப்பு.
இப்போது அவள் கோயம்புத்தூரில் படிக்கிறாள்.
அப்பாவின் எண்ணை
இரண்டு வருடமாக எடுப்பதில்லை.

எனக்கு டயாலிசிஸ் வார்டில் வேலை.
வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம்
ரத்தம் குழாய்வழி வெளியே போய்க்
கழுவப்பட்டுத் திரும்பும்.
அன்றிரவே
மறுபடி அழுக்குச் சேரத் தொடங்கும்.
சபையில் ரத்தத்தைப் பற்றிப் பாடும்போதெல்லாம்
எனக்கு அந்த மிஷின் சத்தம்தான் கேட்கும்.
மீன்படகு வைத்திருந்த அபு ஹமத்
பதினோரு வருடமாக வருகிறார்.
குணமாகிவிட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.
வருகிறார், கையை நீட்டுகிறார்.

போன மார்ச்சில் தூசிப் புயல் அடித்த இரவு.
ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டைத்
திணித்துக்கொண்டிருந்தேன்.
கோல்டுவின் ஒரு தாளோடு வந்து நின்றார்.
மகளுக்கு எழுதியதாம்.
"இதில் எத்தனை 'நான்' இருக்கிறது, எண்ணு" என்றார்.
விளையாட்டா என்று முகத்தைப் பார்த்தேன்.
இல்லை.
சமையலறை விளக்கில் வைத்து எண்ணினோம்.
நாற்பத்தொன்று.
கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினார்.
முப்பத்தெட்டு.

விடியும்போது ஒரே வரி மிஞ்சியிருந்தது:
தப்பு என்னுடையது, உனக்கு வலித்திருக்கும்.
"வலித்திருக்கும் இல்லை, வலித்தது" என்றேன்.
பேனாவை எடுத்துத் திருத்தினார்.
வாதாடவில்லை.
இருபத்திரண்டு வருடத்தில்
என் சொல் ஒன்றை
அவர் கையெழுத்தில் பார்த்தது அன்றுதான்.

நிறையப் பேர் இங்கேயே முடித்துவிடுவார்கள்,
ஒரு அல்லேலூயா போட்டு.

மகள் பதில் அனுப்பவில்லை.
மூன்றாம் நாள்,
உயிர்த்தெழுதலுக்கென்று நாம் வைத்திருக்கும் அந்த நாளில்,
எழுந்தது பழைய மனுஷன்தான்.
"இவ்வளவு இறங்கி எழுதியும் அவளுக்கு..."
குரல் ஏறியது.
என் தோள் தானாகச் சுருங்கியது,
அதற்குப் பழக்கம்.
பிறகு அந்த வாக்கியம்
பாதியில் நின்றது.
அவர் முடிக்கவில்லை.
தன் வாயில் இருப்பது யாருடைய நாக்கு என்று
தேடுகிறவர்போல நின்றார்.
செருப்பைப் போட்டுக்கொண்டு
ஒன்பது மாடியும் படியிலேயே இறங்கிப் போனார்.
கண்ணாடி இல்லாத வழி என்று
நான் உருகிப்போனேன்.
இரண்டு லிஃப்டும் பழுது என்பது
பிறகுதான் தெரிந்தது.

ஆண்டவரே,
சிவிங்கியின் எல்லாப் புள்ளிகளையும்
அழித்துத் தா என்று நான் கேட்கவில்லை.
பாதி வாக்கியம் கிடைத்திருக்கிறது.
இதை வைத்துக்கொண்டு
எத்தனை நாள் ஓட்டலாம் என்றும் தெரியவில்லை.
நாளை மறுநாளும் அவர் நிறுத்த வேண்டும்,
அதற்கு மறுநாளும்,
யாரும் பார்க்காதபோதும்.

நான் இன்னும் கெத்சியாவின் அறையில்தான் படுக்கிறேன்,
உள்ளே தாழிட்டு.
அது அவிசுவாசம் இல்லையா என்று
போதகரம்மா கேட்டார்கள்.
இருக்கலாம் என்றேன்.
நாளைக்கு எனக்குக் காலை ஷிஃப்ட்.
அபு ஹமத் ஆறரைக்கே வந்துவிடுவார்.