தொங்கல் கணக்கு

எட்டு மணிக்குக் கணக்கியல்.
பத்தரைக்குப் பழங்குடியியல்.
இடையில் ஒரு மதில், ஒரு கன்ரீன்,
செயின் கழரும் என் சைக்கிள்.

இரண்டையும் ஏன் ஒன்றாக எடுத்தாய் என்று
பதிவாளர் கந்தோரில் கேட்டவருக்கு
"நேர அட்டவணை இடிக்கேல்லை, சேர்" என்றேன்.
அது பொய் இல்லை.

பலாலி வீதிக்குப் பின்னால் அறை.
பரிமளகாந்தி அன்ரி முற்பணம் எண்ணுமுன் கேட்டா:
"எவடம் பிள்ளை?"
மூதூர்.
"மூதூரிலை எவடம்?"
சொன்னேன்.
"அங்கை ஆற்றை ஆக்கள்?"
யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விக்கு மூன்று படி.
மூன்றாவதில் எனக்குக் கால் தடுக்கும்.
"கணக்குப் படிக்கிறன் அன்ரி."
முகம் கொஞ்சம் தெளிந்தது.
கணக்குப் படிக்கிறவளுக்கு ஆட்கள் இல்லை,
ஐந்தாம் திகதிக்கு முன் ஏழாயிரம் மட்டும்.

சொத்து எனப்படுவது
கடந்தகால நிகழ்வொன்றின் விளைவாக
நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ளதும்
எதிர்காலப் பொருளாதார நன்மை தரக்கூடியதுமான வளம்.
மூன்று தரம் எழுதிப் பாடமாக்கினேன்.
கடந்தகால நிகழ்வு: இருந்தது, நிறைய.
நன்மை: தேன், கிழங்கு, களப்பு இறால்.
கட்டுப்பாடு: வன இலாகா நட்ட
எல்லைக்கல்லுக்கு அங்காலே எல்லாம் அவர்களுடையது.
ஆகவே சொத்து அல்ல.
விடை சரி. ஐந்துக்கு ஐந்து.

பத்தரைக்குத் திரையில் ஒரு படம்.
தோளில் கோடரி, மேலில் சட்டை இல்லை.
கீழே: கரையோர வேடர், பெயர் தெரியவில்லை.
சேர் கோடரியின் பிடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.
எனக்குப் பெயர் தெரியும்.
கணவதியர்.
படம் எடுத்த அன்று சட்டையைக் கழற்றச் சொல்லி
ஐந்நூறு கொடுத்தார்கள்.
மீன்பிடிச் சங்கத்தில் அவர் பேரில் எஞ்சின் கடன்,
நாற்பத்திரண்டாயிரம், மூன்று தவணை பிந்தி.
லீவுக்குப் போகும்போதெல்லாம்
அந்தச் சீஆர் கொப்பியை எழுதுகிறவள் நான்.

அந்த ஐந்நூறு வருமானமா,
வெறும் மேலுக்கு வாடகையா?
கையைத் தூக்கினேன்.
சேர் பார்த்ததும் தலையைச் சொறிந்தேன்.

இரவு பரீட்சை மீதி இணங்கவில்லை.
ஐந்நூறு இடித்திருந்தால் கவிதைக்கு வசதி.
இடித்தது நானூற்றைம்பது.
மானிப்பாயிலிருந்து நிதர்சனா போனில் சொன்னாள்:
"தொங்கல் கணக்கிலை போட்டிட்டுப் படு,
காலமை பாப்பம்."

தொங்கல் கணக்கு:
பிழை எங்கே என்று பிடிபடும்வரை
வித்தியாசத்தை இருத்திவைக்கும் இடம்.
ஏட்டில் இருக்கும்.
எவர் பேரிலும் இராது.

குடிசன மதிப்புக்கு வந்த பெடியன்
எங்கள் படலையில் நின்று
இனம் என்ற கட்டத்தில் பேனையை வைத்து யோசித்தான்.
தண்ணி வாங்கிக் குடித்தான்.
"இலங்கைத் தமிழர் எண்டு போடட்டே?
வேடர் எண்டால் ஏனையோருக்கைதான் வரும்."
"உனக்குச் சுகமானதைப் போடு தம்பி" என்றா அம்மா.
எதைப் போட்டான் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.
பார்த்திருக்கலாம்.

காலையில் நிதர்சனா வித்தியாசத்தை இரண்டால் வகுத்தாள்.
இருநூற்றிருபத்தைந்து.
தொகை பிழை இல்லை, பக்கம் பிழை.
தபாற் செலவு.
செலவு என்று பேர் இருந்ததால்
செலவுப் பக்கத்திலேயே போட்டுவிட்டேன்.
செலவினம் வரவில் வரும் என்பது
முதல் கிழமைப் பாடம்.
"பேரைப் பாத்துப் போடாதையடி" என்று சிரித்தாள்.
நானும் சிரித்தேன், அவளைவிடக் கொஞ்சம் நேரம்.

தொங்கல் கணக்கை மூடினோம்.
கன்ரீனில் இரண்டு பிளேன் ரீ, அவளுடைய கடன்.
போனில் சேருக்கு ஒரு மின்னஞ்சல் அடித்தேன்:
படத்தில் உள்ளவர் க. கணவதி,
சங்க அங்கத்துவ இலக்கம் முப்பத்தொன்று,
வழமையாகச் சட்டை போடுபவர்.

பதில் இன்னும் வரவில்லை.
கணவதியரின் தவணையும் வரவில்லை.
மணி எட்டாகிறது.
செயின் மறுபடி கழன்றிருக்கிறது.