போர் மண்

வெள்ளகோவில் தாண்டி, முத்தூர் ரோட்டில்
ரிக் வண்டியை நிறுத்திப் பிட்டை இறக்கியிருந்தோம்.
மொபெட்டில் வந்தாள்.
பேர் சௌடேஸ்வரி. படம் வரைகிறவளாம்.
ஹேண்டில்பாரில் மஞ்சப்பை, உள்ளே காலித் தயிர் டப்பாக்கள்.

"ஏனுங், மேல வர்ற மண்ணுல
எடைக்கெட ஒரு கை குடுப்பீங்களா?"

இருபது வருசத்தில்
மண்ணை யார் கேட்டார் என்னிடம்?
தண்ணீரைக் கேட்பார்கள்.
வராவிட்டால் பில்லைக் குறைக்கச் சொல்வார்கள்.

நாற்பதடியில் செங்காட்டுச் சிவப்பு.
நூற்றைம்பதில் வறுத்த கம்பு மாவு.
அறுநூற்றில் கறுப்பு, ஊடே காக்காய்ப்பொன் மினுக்கம்.
ஒவ்வொரு டப்பாவிலும் அடிக்கணக்கை எழுதினாள்,
பால் சொசைட்டிக்காரர் மாதிரி.

ஆயிரத்து நூற்று நாற்பதில்
வெறும் வெள்ளைப் புகை.
தோட்டக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டு
எருமைக்குச் சோளத்தட்டு அள்ளப் போய்விட்டார்.
அவளுக்கு அந்தப் புகையும் வேண்டியிருந்தது.
துப்பட்டாவை விரித்துப் பிடித்தாள்.

ஐப்பசியில் அவ்வழி திரும்பும்போது பார்த்தேன்.
ஈரமில்லாத பள்ளத்தின் கரை,
கன்னிமார் கோயில் சுவர்,
ஏழு பேர்.
பெயின்ட் கடைச் சிவப்பு ஒரு பொட்டுகூட இல்லை.
மூத்தவள் நாற்பதடிக்காரி,
இடுப்பில் கிளுவை வேலி ஒட்டியாணம்.
அடுத்தவள் மடியெல்லாம் கொழுக்கட்டைப் புல்,
அதில் கௌதாரி ஒன்று குஞ்சுகளோடு.
கறுத்தவள் கையில் காக்காய்ப்பொன் வளையல்.
கடைசிக்காரி வெளுத்த சாம்பல்.
இருப்பதில் சின்னவள்.
கண் இரண்டும் மூடி.

"தூங்குதுங்களா அம்மிணி?" என்றேன்.

"கண்ணு தொறக்கோணும். அதுக்குத் தண்ணி வேணும்.
பைப்புத் தண்ணி ஆகாது.
இவ நீங்க தோண்டுனவ.
எங்காச்சும் எட்டுச்சுன்னா
மொத ஊத்துல ஒரு பாட்டில் புடிச்சுட்டு வாங்க."

காலி பாட்டில் கேபினுக்குள் ஆறு தோட்டம் உருண்டது.
வளைவுக்கு வளைவு சத்தம்.
ஏழாவது, நத்தக்காடையூர்ப் பக்கம்,
தொள்ளாயிரத்துச் சில்லறையில்
நுரைத்துக்கொண்டு வந்தது.
வீட்டுச் சனம் மொத்தமும் ஓடிவந்து நனைந்தது.
கிழக்கே பார்த்துக் கும்பிட்டார்கள்,
அப்புறம் என்னை.

பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திருகினேன்.

கண் திறக்கிற நேரம் சாமிக்கு எதிரில்
மனுசன் நிற்கக் கூடாது என்பார்கள்.
முதல் பார்வை தாங்காதாம்.
கண்ணாடியைக் காட்டுவார்கள்,
கன்றுக்குட்டியை நிறுத்துவார்கள்.

அந்தச் சுவர் ரோட்டைப் பார்த்த சுவர்.
எங்கள் வண்டி போகிற ரோடு.