சேதப் படிவம்

செவ்வாய்க்கிழமை மாலை நாலரைக்கு
கிரிம்ஸ்பி மீன்துறைமுகத்துக்குப் பின்னால்
தேவாலயக் கூடத்தின் சாவி என்னிடம் இருக்கும்.
பதினான்கு ஜெம்பே முரசுகள்.
வேனிலிருந்து ஒவ்வொன்றாய் இறக்கி
எரிவாயு உருளையைப்போல ஓரத்தில் சாய்த்து உருட்டுவேன்.
என் முதுகு அதற்குத்தான் சம்மதிக்கிறது.

எனக்கு வாசிக்கத் தெரியாது.
தன்னார்வலர் விண்ணப்பத்தில் ‘திறமைகள்’ என்ற கட்டத்தில்
‘ஓட்டுநர் உரிமம்’ என்று எழுதினேன்.
காவல்துறைச் சான்று வர ஆறு வாரம் ஆனது.
என்மேல் எந்தப் பதிவும் இல்லை என்று அதில் அச்சிட்டிருந்தது.
என் மகன் ரோரியை யாரும் கேட்கவில்லை.

நாற்காலிகளை வட்டமாகப் போடவேண்டும்.
வட்டத்தில் கடைசி வரிசை கிடையாது,
அதனாலேயே முதல் நாள் அவர்களுக்கு அது பிடிப்பதில்லை.
கதவைப் பார்த்த நாற்காலிக்குத்தான் போட்டி.
இப்போதெல்லாம் வட்டத்தைக் கொஞ்சம் கோணலாக்கி
நான்கு பேருக்காவது கதவு தெரியும்படி போடுகிறேன்.

பிலிப்பா ‘அடி’ என்று சொல்லமாட்டாள்.
‘கையை விழ விடு’ என்பாள். ‘எடு’ என்பாள்.
அந்தச் சொல்லை வீட்டில் நிறையக் கேட்டவர்கள்
அங்கே மூன்று பேர், எனக்குத் தெரிந்து.

டீகனுக்குப் பதினைந்து வயது.
நான்கு வாரம் முரசைத் தொடவில்லை.
கோட்டை மடித்து அதன்மேல் வைத்து
கன்னத்தைச் சாய்த்துக் கிடப்பாள்.
மற்றவர்கள் வாசித்ததெல்லாம்
தோல் வழியாக அவள் காதுக்குப் போயிருக்கவேண்டும்.
“ரொட்டி வேணுமா?” என்பேன்.
“வெண்ணெய் வேணாம்” என்பாள்.
நான்கு வாரம், எட்டுத் துண்டு, எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

ஐந்தாவது வாரம் அவள் கோட்டைக் கழற்றவில்லை.
ஒரு கை விழுந்தது. பிறகு இன்னொன்று.
பிலிப்பா நிறுத்தச் சொல்லிக் கை தூக்கினாள்.
எல்லாரும் நிறுத்தினார்கள், டீகனைத் தவிர.
அதைத் தாளம் என்று சொல்லமுடியாது.
மாடிப்படியில் யாரோ இறங்கி வருவதுபோல,
வந்தவர் பூட்டிய கதவைத் தட்டுவதுபோல,
தட்டிக்கொண்டே இருப்பதுபோல.
ஜாரெட் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டான்.
பிறகு அவன்தான் மெல்ல, உள்ளங்கையால்,
அவளுடையதற்கு அடியில் ஒன்று போட்டான்.
டும்.
இடைவெளி.
டும்.
நிற்கத் தரை கொடுத்த மாதிரி.

அப்போதுதான் தோல் கிழிந்தது.

சின்னச் சத்தம். ஈரத்துணி கிழிவதைப்போல.
அவள் இரண்டு கைகளையும் தலைக்குமேல் மடக்கிக்கொண்டாள்.
கைகள் அங்கே போன வேகம் எனக்குத் தெரிந்த வேகம்.
எங்கள் சமையலறையில், உடைந்த தட்டுக்கு முன்னால்,
ரோரி ஒருமுறை அப்படித்தான் நின்றான்.
நான் கையை ஓங்கக்கூட இல்லை.
ஓங்கவில்லை என்று பன்னிரண்டு வருடமாய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

என்ன செய்வதென்று தெரியாமல் ரொட்டி கொண்டுவந்தேன்.
பதற்றத்தில் வெண்ணெய் தடவிவிட்டேன்.
அவள் தின்றாள்.

இரவு வேனில் விளக்கைப் போட்டுப் படிவத்தை நிரப்பினேன்.
பொருள்: முரசு, எண் ஒன்பது.
சேதம்: தோல், விளிம்பிலிருந்து நடுவரை.
காரணம் என்பதற்கு மூன்று கட்டங்கள்:
விபத்து, தேய்மானம், தவறான பயன்பாடு.
மூன்றையும் விட்டு ஓரத்தில் எழுதினேன்:
வாசித்தாள்.

அடுத்த செவ்வாய் பதின்மூன்றுதான் இறக்கினேன்.
“ஒன்பது எங்கே?” என்றாள், கூடத்துக்குள் வருவதற்கு முன்பே.
“லிங்கன்ல. புதுத் தோல் போடுறாங்க.”
“எவ்வளவு நாள்?”
“மூணு வாரம்.”
கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றாள்.
ஜாரெட் யாரையும் பார்க்காமல்
தன் முரசைக் காலால் தள்ளினான்,
இரண்டு நாற்காலிக்கும் நடுவில் வரும்வரை.

நான் சமையலறைக்குப் போனேன்.
ரொட்டி கருகும் வாசனை எனக்கும் வந்தது.
கேட்டுக்கொண்டிருந்தேன்.