தலை மட்டும்

ஹெட் வாங்கி நாற்பது நாள்.
தலை உண்டு, முதுகு இன்னும் இல்லை.
மட்கோ சந்தியில் நிறுத்தினால் பொடியன்கள் கேட்கிறார்கள்:
"அண்ணை, மிச்சத்தை எங்க விட்டனீங்கள்?"

மிச்சம் சீனக்குடா யார்ட்டில்
மூன்றாக நிற்கிறது.
ஒன்றுக்குத்தான் லீசிங்காரன் ஒப்பம் வைப்பான்.

முதலாவது சீமெந்து பவுசர்.
கூம்பு கூம்பாய் வயிறு, பக்கத்தில் காற்றடிக்கும் கொம்ப்ரசர்.
ஆலை வாசலில் ஒரு கையெழுத்து, வருசம் முழுக்க லோட்.
கயிறில்லை, படங்கில்லை, மழைக்குப் பயமில்லை.
ஆனால் அனுராதபுரத்தில் ஊதிக் கொட்டிவிட்டால்
திரும்பும் வழியெல்லாம் நான் ஏற்றி வருவது
ஹொரவப்பொத்தானைக் காற்று.
காற்றுக்கு ஆர் கூலி தருவான்?

இரண்டாவது எலும்புக்கூடு.
யார்ட்டில் அதன் பெயரே அதுதான்.
மூலைக்கு மூலை பூட்டு. நடுவில்
இரும்புக்கு இடையால் புல் தெரிகிறது,
ஒரு கோழி மேய்கிறது.
ஆழமான துறைமுகம் எங்களுடையது என்று பள்ளியில் எழுதினோம்.
ஆழம் கிடக்கட்டும்,
கொன்டெய்னர் இறங்குவது கொழும்பில்.
இதை எடுத்தால் நான் வத்தளையில் கிடக்க வேண்டும்,
வரிசையில், இன்னொருவனின் பம்பரைப் பார்த்தபடி.

மூன்றாவது தட்டு.
நாற்பதடி, பழசு, பலகை இரண்டு இடத்தில் உக்கல்.
மா மூட்டை ஏறும், தம்பலகாமத்து நெல் ஏறும்,
கம்பி, குழாய், மூதூருக்கு ஓடு,
சொல்லிவைத்தால் புல்மோட்டையிலிருந்து ஒரு படகும் வரும்.
எது ஏறினாலும் கட்டுகிறவன் நான்.
மார்கழி மழையில் மூட்டைமேல் குந்தி
இருட்டுக்குள் முடிச்சுத் தேடும் விரல் என்னுடையது.
மூட்டை நனைந்தால்
அன்றைய கூலி அங்கேயே பசையாகும்.

கிண்ணியா நவ்பர் பவுசர் ஓடுகிறான்.
"மச்சான், யோசிக்காத, அதையே எடு" என்றான்.
ஆலைக் காசு வர இரண்டு மாசம் என்பதை
அவன் சொல்லவில்லை, நான் கேட்டறிந்தேன்.
ஆனாலும் அவன் கண்ணில் சிவப்பில்லை.
ஏழு மணித்தியாலம் தூங்குகிறவனின் கண்.
அதைப் பார்த்துக்கொண்டுதான் தேத்தண்ணி குடித்தேன்.

ஐஸ் ஆலையில் இரவு வேலை முடித்து வந்த ஜெசிந்தா
லீசிங் கடிதத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள்.
டீசல், டயர், தவணை, பொலிசுக்கு ஒரு கோடு.
பேனையை வைத்துவிட்டு ஒன்றே கேட்டாள்:
"திரும்பி வரேக்க என்னத்தை ஏத்துவீங்கள்?"
பவுசருக்கும் எலும்புக்கூட்டுக்கும்
என்னிடம் பதில் இல்லை.
தட்டுக்குப் பதில் இருந்தது, நிச்சயமில்லாத பதில்:
"கிடைக்கிறதை."
அவள் சிரிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை.

விடிய தட்டுக்கு அடியில் படுத்தேன்.
டோர்ச், மண்ணெண்ணெய், ஒரு துணி.
எங்கும் துரு, ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ட்.
புதுப் பெயின்ட் எதையோ பொத்திப் பிடிக்கும்.
துடைத்தேன்.
மண்ணெண்ணெய் இறங்கி, முடியளவு கோடாய்க் கறுத்தது.

பியதிலக முதலாளி குனிந்து பார்க்கவில்லை.
"ஏழு வருசம் ஒண்டும் ஆகேல்ல, மல்லி."
"எட்டாம் வருசம் நான்தானே ஓடப்போறன்."
ஒன்றரை லட்சம் இறங்கினார்.
சரியாக அவ்வளவுதான் எனக்குக் குறைந்திருந்தது.
வெடிப்பில்லாத தட்டு எனக்குக் கட்டுப்படியாகாது
என்று அப்போதுதான் விளங்கியது.

வெல்டிங்குக்கு இரண்டு நாள்.
மூன்றாம் நாள் ரிவர்ஸில் போனேன்,
கண்ணாடியில் நெருங்கி வந்தது என் முதுகு.
இரும்பு இரும்பைக் கவ்விய சத்தம் இடுப்பில் கேட்டது.
காற்றுக் குழாய் சிவப்பு, காற்றுக் குழாய் நீலம்.
ஒரு முறை முன்னால் இழுத்துப் பார்த்தேன். விடவில்லை.

பிறகு இறங்கி, ட்ரெயிலரின் கால் தூக்கக்
கைபிடியைச் சுற்றினேன்.
சுற்றுக்கு ஒரு தவணையாய் எண்ணினேன், சும்மா.
தவணை முப்பத்தாறு.
இருபத்தேழில் கால் முழுதாய் ஏறி இறுகிவிட்டது.
மிச்சம் ஒன்பதுக்கு
சுற்ற ஒன்றுமில்லை.
கைபிடியை மடித்து வைத்தேன்.
மா ஆலை வாசல் ஆறு மணிக்குத் திறக்கும்.