தென்வடல் அடி ஏழரை

அடுப்பை அணைக்கச் சொல்லிக்
கோர்ட்டிலிருந்து தாள் வந்தது.
கமிஷனராய் வந்த உமையாள் வக்கீல்
தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே
"உள்ளேயும் அளக்கணும்க்கா" என்றாள்.

அணைப்பதற்கு இது
ஸ்டவ் இல்லை.
தளத்துக்கு அடியில் உப்பு, மணல்,
உடைத்த சோடா பாட்டில்.
சூடு அதில் குடியிருக்கிறது.
விறகை நிறுத்தினாலும்
காலி செய்ய நாலு நாள் கேட்கும்.

அண்ணன் இன்னாசி வாதி.
தம்பி அலோசி முதல் பிரதிவாதி.
நான் இரண்டாவது.
ராத்திரி ஒரு மணிக்கு
மாவு பிசையப் போகிறவளுக்கு
அப்படியும் ஒரு பேர் இருப்பது
சம்மன் வந்துதான் தெரியும்.

எங்கள் வீட்டில் பங்கு என்றால்
முன்பெல்லாம் கோயில்தான்.
பங்குச் சாமியார், பங்குத் திருவிழா.
இப்போது அந்தச் சொல்லைச் சொன்னால்
சோற்றுத் தட்டோடு யாராவது எழுந்துபோகிறார்கள்.

சர்வேயர் போட்ட கோடு
அடுப்பின் மேலேயே விழுந்தது.
வாய் அண்ணன் பக்கம்.
முதுகும் புகைபோக்கியும் தம்பி பக்கம்.
வாயைப் பூட்டுவேன் என்றார் இவர்.
புகையை அடைப்பேன் என்றான் அவன்.
இரண்டு பேரையும் கேட்காமல்
துணிக்கடியில் மாவு
உப்பிக்கொண்டிருந்தது.

முதல் நாள் மிச்சச் சூட்டில் ரஸ்க் வாட்டினேன்.
மறுநாள் பக்கத்து வீட்டு மிளகாய் காய்ந்தது.
அப்புறம் ஒரு பூனை வந்து படுத்துக்கொண்டது.
காரைக்குடியிலிருந்து பன் வாங்கி
எங்கள் பெட்டியில் போட்டு விற்றோம்.
தேவகோட்டையில் ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை.
அது அடுப்பு அணைந்ததைவிட வலித்தது.

நாலாம் நாள்.
சர்வேயருக்குத் தொப்பை.
அண்ணனுக்கு முட்டி.
அலோசிக்கு வெள்ளைச் சட்டை.
சேலையை வரிந்து கட்டி
டேப்பின் நுனியைப் பல்லில் கடித்து
உள்ளே தவழ்ந்தேன்.

இருபத்திரண்டு வருஷமாய்த்
துடுப்பு போய்வந்த இடம்.
நான் போனது அன்றைக்குத்தான்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போல
இன்னும் லேசாய்ச் சுட்டது.

"தென்வடல் ஏழரை!"
வளைவில் முட்டித் திரும்பிய குரல்
எனக்கே பெரிதாய் இருந்தது.

"கிழமேல் எவ்வளவுக்கா?"

இடது மூலையில் என் கை நின்றிருந்தது.
எந்தத் தட்டை வைத்தாலும் கருகுகிற மூலை.
கை சரியில்லை உனக்கு என்று
அண்ணன் முறைத்த மூலை.
முதல் ஆளாய் அந்தத் தட்டை
வெளியே இழுக்கப் பழகியிருந்தேன்.
ஒரு செங்கல் இறங்கியிருந்தது.
கீழே விறகு எரிகிற குழியின் சூடு
அந்த ஓட்டை வழியாய் நேரே ஏறியிருக்கிறது.
அவ்வளவுதான் சங்கதி.

"கிழமேல்?"

வெளியே நாலு பேர்
அடுப்பின் வாயைப் பார்த்துக்கொண்டு.
அது திறக்கட்டும் என்று.

ஒரு செங்கல் குடுங்க, என்றேன்.
ஒரு கை களிமண். கொஞ்சம் வெல்லத் தண்ணி.
அப்புறம் சொல்றேன்.

செருப்புச் சத்தம் அங்கும் இங்கும் போனது.
செங்கல் வந்தது.
நீட்டியது யார் கை என்று
உள்ளே இருந்து தெரியவில்லை.
பூசி முடித்துக் கத்தினேன்:
"ஆறே கால்!"

கமிஷனர் அறிக்கையில் செங்கலைப் பற்றி
ஒரு வார்த்தை இல்லை.
அடுப்பு பொதுவில் என்று மட்டும் இருந்தது,
தீர்ப்பு வரும் வரை.

கருவேல விறகு போட்டு
மறுபடி சூடேற மூன்று ராத்திரி.
முதல் ஈட்டிலேயே
பழக்கத்தில் என் கை
இடது மூலைத் தட்டை முன்னாடியே இழுத்துவிட்டது.
முப்பத்தாறு பன்.
ஒன்றும் வேகவில்லை, நடுவில் பச்சை மாவு.

கல்லாவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.
பன்னிரண்டு உங்க பேர்ல எழுதுங்க.
பன்னிரண்டு அலோசி பேர்ல.
மிச்சம் என் பேர்ல.

நஷ்டக் கணக்கு இது, என்றார்.

தெரியும்.
எழுதுங்க.