அறுபது நிமிடக் கசெற்

எமில்டா பிலேந்திரன் தானே எழுதித் தானே பாடுகிறவள்.
டச்பேயில் வீடு, ஒரு பழைய கிற்றார்,
இரண்டே இரண்டு கசெற்.
திருகோணமலைக்கு வெளியே அவளைத் தெரிந்த ஒருவரை
நான் இன்னும் சந்திக்கவில்லை.

கொட்பே துறைமுகத்து ஐஸ் ஆலையில்
கணக்கெழுதுகிறேன்.
கட்டி எத்தனை, படகு இலக்கம், கையொப்பம்.
இயந்திரம் உறுமும். உறுமலுக்குள்ளே
அவள் பாடிக்கொண்டிருப்பாள்.

கடன் கேட்டு வந்தவருக்கு
முதலில் தேத்தண்ணி கொடு,
பிறகு இல்லையென்று சொல்:
இது மூன்றாவது பாட்டு.
தேத்தண்ணி கொடுத்த பிறகு
இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.
நாலாயிரத்து ஐந்நூறு இன்னும் வரவேண்டிக் கிடக்கிறது.
அவளிடம்தான் கேட்க வேண்டும்.

மான் பாட்டு பரவாயில்லை.
கோட்டை வாசலில் மான்கள் வீதியைக் கடக்கும்,
பஸ் நிற்கும், ஓட்டோ நிற்கும்,
கச்சேரிக்குப் பிந்தியவர் மணிக்கூட்டைப் பார்ப்பார்.
"கொம்பு பெரிசு, அவசரம் இல்லை;
வம்பு சிறிசு, உனக்கேன் தொல்லை?"
இதை முணுமுணுத்தே
இரண்டு முகாமையாளர்களைக் கடந்துவந்திருக்கிறேன்.

ஆனால் நான் பிடித்துக்கொண்டு வாழ்ந்தது
முதற்பக்கத்தின் கடைசிப் பாட்டை.

"போனவன் போன வழி
புல் முளைச்சுப் போச்சு,
தேடாதே"

அவ்வளவுதான்.
டக்கென்று பொத்தான் மேலே எழும்பும்.

அண்ணன் பொஸ்கோ போனது
ஒரு படகு இயந்திரத்தின் பேரில் வந்த சண்டையில்.
மற்றவர்களின் அண்ணன்மாரைப் போல
அவனை யாரும் கொண்டுபோகவில்லை.
நான்தான் சொன்னேன்,
இனி இந்தப் படியில் மிதியாதே என்று.
செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு,
வார் அறுந்ததையும் பொருட்படுத்தாமல்,
போனான்.

அம்மா செத்தபோது மாமி கேட்டாள்,
ஆளைத் தேடிப் பார்ப்போமா?
தேடாதே என்றேன்,
எமில்டாவின் ராகத்திலேயே.
பதினெட்டு வருடம்.
அதில் எனக்கொரு பெருமையும் இருந்தது,
பாட்டுக்காரி என் பக்கம் என்று.

போன செவ்வாய் மின்சாரம் நின்று
கட்டிகள் வியர்க்கத் தொடங்கிய மத்தியானம்,
கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வரும் நஸ்லியா
"உங்கட ஆள்ர பாட்டு முழுசாக் கிடக்கு" என்று
போனை நீட்டினாள்.
நல்ல கசெற் வைத்திருந்த யாரோ ஏற்றியிருக்கிறார்கள்.

"தேடாதே
என்று ஊர் சொல்லும், கேளாதே;
புல்லை விலக்கிப் பார்,
கல்லில் அவன் காலடி தேயாதே."

தொண்ணூறு நிமிட நாடா பத்து ரூபா கூட.
அன்றைக்கு ரெக்கோடிங் கடையில் நான்
அறுபதே போதும் என்றேன்.
பத்து ரூபா மிச்சம்.

இன்னொருக்கால் போடு என்றேன்.
நஸ்லியா போட்டாள். பிறகு பற்றரி முடிந்தது.
அன்று ஒரே படகின் இலக்கத்தை
இரண்டு தரம் எழுதியிருக்கிறேன்,
யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து சந்தையில் எமில்டாவைக் கண்டேன்.
கூடைக்குள் கையை விட்டு
சூடை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
சொல்லத்தான் கிட்டப் போனேன்.
"ஐஸ் காணாது, பாருங்கோ, கண் சிவந்துபோச்சு" என்றாள்
என்னிடமோ, மீன்காரனிடமோ.
ஓம், கரண்ட் இல்லை என்றேன்.
அவள் அரைக் கிலோ வாங்கினாள். நான் ஒன்றும் வாங்கவில்லை.

விசாரித்ததில் ஒரு பெயர் கிடைத்திருக்கிறது.
பேசாலையில், வாடி ஒன்றில்,
இடது காலை இழுத்து நடக்கிற பொஸ்கோ ஒருவர்.
அண்ணன் கால் இழுத்தவனல்ல.
பதினெட்டு வருடத்தில் கால் இழுக்கலாம்.

விடிய ஐந்தரைக்கு ஒரு பஸ்,
வவுனியாவில் இறங்கி மாற வேண்டுமாம்.

படியில் மிதிக்க விடுவானோ தெரியாது.
அவனும் அந்தக் கசெற்றைக் கேட்டு வளர்ந்தவன்தான்.
முதலில் தேத்தண்ணி தருவான்,
பிறகு இல்லையென்று சொல்வான்.

குடித்துவிட்டு வருவேன்.